புதிதாகச் சேர்ந்த இளம் ஊழியரை நம்ப முடியவில்லை: சிறு நிறுவன முதலாளிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான்கைந்து பேர் மட்டுமே வேலை செய்யும் இடத்தில் ஒருவர் வராவிட்டால் அன்றைய வேலையில் கால்வாசி நின்றுவிடும். பெரிய நிறுவனத்தில் இதைக் கவனிக்கத் தனி ஆள் உண்டு. இங்கே கொள்முதலும் கணக்கும் ஆள் மேய்ப்பதும் எல்லாம் முதலாளி தலையில்தான். அப்படிப்பட்டவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை, அவர்கள் கேட்ட பேச்சிலேயே தொகுத்திருக்கிறோம். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால். தொழிலாளர் சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். சட்டம் குறுக்கிடும் இடத்தில் அதைச் சுட்டியிருக்கிறோம். அங்கெல்லாம் உங்கள் பகுதி விதியைப் பார்த்துக்கொண்டு மேலே போங்கள்.

பையன் சேர்ந்து மூணு வாரம்தான் ஆகுது, அதுக்குள்ள நாலு நாள் லேட். இப்பவே சொல்லணுமா, கொஞ்ச நாள் விட்டுப் பாக்கலாமா?

இப்போதே சொல்லுங்கள். புதிதாக வருபவர் முதல் சில வாரங்களில் வேலையோடு சேர்த்து இன்னொன்றையும் கற்றுக்கொள்கிறார்: இங்கே எதைக் கண்டுகொள்வார்கள், எதை விட்டுவிடுவார்கள் என்பதை. நான்கு முறை தாமதமாக வந்தும் யாரும் வாய் திறக்கவில்லை என்றால் அதுதான் இந்த இடத்தின் வழக்கம் என்று எடுத்துக்கொள்வார். ஐந்தாவது முறை நீங்கள் வெடித்தால் அவருக்கு உண்மையாகவே திகைப்பாக இருக்கும், நடிப்பு இல்லை.

பெரிய பேச்சு வேண்டாம். அன்றே, தனியாக, இரண்டு நிமிடம். "ஒன்பது மணிக்கு வரணும், இன்னிக்கு ஒன்பது இருபது ஆச்சு. என்ன ஆச்சு?" என்று கேட்டுவிட்டு நிறுத்துங்கள். பதில் வரும்வரை நீங்கள் பேசக் கூடாது. பெரும்பாலானவர்களுக்குக் கஷ்டம் இங்கேதான்; மௌனம் தாங்காமல் தாங்களே ஒரு காரணத்தை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். பதிலைக் கேட்ட பிறகு, "நாளைக்கு ஒன்பதுக்கு வர்றதுக்கு என்ன செய்யப் போற?" என்று அவர் வாயாலேயே வழியைச் சொல்ல வையுங்கள். அதோடு முடித்துவிடுங்கள். பழைய மூன்று தாமதங்களையும் சேர்த்து அடுக்க வேண்டாம்.

"உன்ன நம்ப முடியல, பொறுப்பே இல்ல"ன்னு முகத்துக்கு நேரா சொல்லியாச்சு. ஒண்ணும் மாறலையே?

மாறாது. "பொறுப்பில்லை" என்பது குணத்தைப் பற்றிய தீர்ப்பு. அதைக் கேட்பவர் மனம் நோகலாம், மறுக்கலாம், ஆனால் நாளைக் காலையில் எதை மாற்றிச் செய்வது என்று அதிலிருந்து தெரிந்துகொள்ள முடியாது. "செவ்வாய்க்கிழமை சாயந்திரம் சரக்கு எண்ணி எழுதி வைக்கச் சொன்னேன், புதன் காலையில் தாள் காலியா இருந்தது" என்றால் பேச ஏதோ இருக்கிறது.

இதற்கு ஒரு நோட்டு போடுங்கள். ஒரு சம்பவத்துக்கு ஒரு வரி: தேதி, என்ன ஒப்புக்கொண்டோம், என்ன நடந்தது, அவர் சொன்ன காரணம், அடுத்து என்ன என்று பேசினோம். "திமிராக", "அலட்சியமாக" போன்ற சொற்கள் அதில் வரக் கூடாது. அந்த நோட்டை அவரே படித்தாலும் "ஆமாம், இப்படித்தான் நடந்தது" என்று சொல்லும்படி இருக்க வேண்டும். சரியாகச் செய்த நாட்களையும் எழுதுங்கள். இல்லாவிட்டால் அது குற்றப்பட்டியலாகிவிடும், உங்கள் கண்ணும் குறையை மட்டுமே தேடப் பழகிவிடும்.

எத்தனை நிமிஷம் தாண்டினா லேட்? அஞ்சு நிமிஷத்துக்கெல்லாம் சண்டை போட முடியுமா?

எண்ணிக்கையைவிட, அது எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்திருப்பது முக்கியம். "ஒன்பது மணி" என்றால் வாசலில் காலை வைப்பதா, பையை வைத்து, கை கழுவி, வேலைக்குத் தயாராக நிற்பதா? முதலாளி மனதில் இரண்டாவது இருக்கும், புதியவர் மனதில் முதலாவது இருக்கும். அந்தப் பத்து நிமிட வித்தியாசமே பல இடங்களில் பாதித் தகராறு.

ஓடக்கூடிய விதி ஒன்று: ஐந்து நிமிடம் வரை பேச்சில்லை, ஆனால் வாரத்தில் இரண்டு முறைக்கு மேல் போனால் பேசுவோம். ஐந்தைத் தாண்டும் என்று தெரிந்த உடனே போன் செய்ய வேண்டும். பூட்டைத் திறக்க வேண்டியவருக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது, ஏனென்றால் அவர் தாமதித்தால் மற்றவர்கள் வெளியே நிற்பார்கள். இதை ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். முதலாளி வீட்டு ஆட்கள் வேலை செய்தால் அவர்களுக்கும் இதே விதிதான்.

வரலைன்னா ஒரு மெசேஜ்கூட போடறதில்ல. நாம போன் பண்ணா எடுக்கறதும் இல்ல. மறுநாள் ஒண்ணும் நடக்காத மாதிரி வந்து நிக்கறான். என்ன பண்றது?

முதலில் அந்த நாளைப் பார்ப்போம். 15 நிமிடம் ஆனதும் ஒரு போன். 30 நிமிடத்தில் ஒரு மெசேஜ்: "இன்னும் வரலை, நல்லா இருக்கியா? பார்த்ததும் கூப்பிடு." ஒரு மணி நேரம் ஆகியும் பதில் இல்லை என்றால், சேரும்போது அவசரத் தொடர்புக்கு என்று கொடுத்த எண்ணுக்கு ஒரு போன். அது அவர் பத்திரமாக இருக்கிறாரா என்று கேட்பதற்கு மட்டும், புகார் சொல்வதற்கு இல்லை. விபத்தோ உடல்நலக் கோளாறோ ஆக இருக்க வாய்ப்பு எப்போதும் உண்டு. அதற்குப் பின் கூப்பிட்டுக்கொண்டே இருக்காதீர்கள், அன்றைய வேலைக்கு மாற்று ஏற்பாட்டைப் பாருங்கள்.

மறுநாள் வந்தால், வேலையைத் தொடும் முன்பே பேச்சு நடக்க வேண்டும். நேராக வேலைக்குள் போகவிட்டால் விஷயம் அதோடு புதைந்துவிடும். ஆனால் பேசும்முன் இதைப் புரிந்துகொள்ளுங்கள்: சொல்லாமல் நின்றுவிடுகிற இளைஞர்களில் பலர் அலட்சியத்தால் அப்படிச் செய்வதில்லை, பயத்தால் செய்கிறார்கள். கண் விழிக்கும்போது பதினைந்து நிமிடம் தாமதம். போன் செய்தால் திட்டு விழும் என்ற பயம். யோசித்து யோசித்து ஒரு மணி நேரம் போய்விடுகிறது. இப்போது போய் நிற்க இன்னும் கூச்சம். கடைசியில் முழு நாளும் போகிறது. போனில் பேசுவதே இந்த வயதில் பலருக்குப் பெரிய தடை. மெசேஜ் என்றால் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள்.

ஆகவே கெட்ட செய்தியைச் சொல்வது மலிவாகவும் சொல்லாமல் விடுவது விலை கூடியதாகவும் இருக்கட்டும். தாமதத்தை முன்கூட்டிச் சொன்னால் அன்று ஒரு வார்த்தைகூடத் திட்டு இல்லை. நோட்டில் வரி மட்டும். சொல்லாமல் வராமல் இருந்தால் ஒரே தடவையிலேயே எழுத்து மூல எச்சரிக்கை. இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளி அவர் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். சொல்லிவிட்டு வந்தவரையும் வாசலிலேயே நிறுத்தி வறுத்தெடுத்தீர்கள் என்றால் அடுத்த முறை அவர் சொல்லமாட்டார். எந்த எண்ணுக்கு, எவ்வளவு நேரம் முன்னால், மெசேஜ் போதுமா என்பதையும் எழுதிக் கொடுங்கள். மெசேஜை ஏற்றுக்கொள்வதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை, நீங்கள் அதற்குப் பதில் போட்ட பிறகே தகவல் சேர்ந்ததாகக் கணக்கு என்ற ஒரு நிபந்தனையோடு.

காலைல எழுந்திருக்கவே முடியலைங்கறா. இது சோம்பேறித்தனம்தானே?

ஓரளவு உடம்பும் காரணம். பருவ வயதில் தூக்கச் சுழற்சி பின்னோக்கித் தள்ளிப்போகிறது. அது சுமார் 20 வயதை ஒட்டி உச்சத்துக்குப் போய், அதன் பிறகே மெல்ல மெல்ல முன்னுக்கு வரத் தொடங்குகிறது. நாற்பது வயதுக்காரருக்கு இயல்பாக வருகிற காலை ஆறு மணி, பத்தொன்பது வயதுக்காரருக்கு நடுராத்திரி போலத்தான். அதற்காக வேலை நேரம் வளையாது. ஆனால் எதைச் சோதித்துப் பார்ப்பது என்று தெரிகிறது.

முடிந்தால் இரண்டு வாரத்துக்கு அவரைப் பிந்திய ஷிஃப்டில் போடுங்கள். அங்கே சரியாக வந்தால் காரணம் தூக்கம்தான், ஷிஃப்டை மாற்றினால் பிரச்சினை தீர்ந்தது. பதினொரு மணி வேலைக்கும் இருபது நிமிடம் தாமதம் என்றால் காரணம் வேறு: பயணத்தைக் குறைத்துக் கணக்கிடுவது, இரவில் இன்னொரு வேலை, வீட்டில் யாரையாவது பார்த்துக்கொள்ளும் பொறுப்பு, அல்லது நிஜமாகவே அக்கறை இல்லாதது. ஷிஃப்டை மாற்ற வழியில்லாத தொழில் என்றால் அதை ஒளிக்காமல் சொல்லுங்கள். அவர் வேறு வேலை தேடுவதே இருவருக்கும் நல்லதாக இருக்கலாம்.

சொன்ன வேலையப் பாதில விட்டுட்டு போன நோண்டிட்டு நிக்கறான். கேட்டா "முடிச்சுட்டேன்"ங்கறான்.

அவர் கணக்கில் முடிந்திருக்கிறது. "இடத்தைச் சுத்தம் பண்ணு" என்றால் உங்களுக்குத் தெரியும் ஏழு காரியம் அவருக்கு இரண்டாகத் தெரிகிறது. முடிந்த வேலை எப்படி இருக்கும் என்பதைக் கண்ணால் காட்டுங்கள். சரியாக முடித்த நிலையில் ஒரு புகைப்படம் எடுத்து அங்கேயே ஒட்டிவைப்பது பத்து தடவை சொல்வதைவிட வேலை செய்யும். கற்றுக்கொடுப்பதற்கும் ஒரு வரிசை உண்டு: முதல் தடவை நீங்கள் செய்ய அவர் பார்க்கட்டும், இரண்டாவது தடவை சேர்ந்து செய்யுங்கள், மூன்றாவது தடவை அவர் செய்ய நீங்கள் வாய் திறக்காமல் பாருங்கள். சிறு நிறுவனங்களில் வழக்கமாக முதல் படியோடு நிறுத்திவிடுவார்கள், அதுவும் அவசர அவசரமாக.

"புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். அதற்கு "புரிஞ்சுது" தவிர வேறு பதில் வராது. "முதல்ல எதத் தொடப்போற? நடுவுல யாராவது கூப்பிட்டா என்ன பண்ணுவ?" என்று கேளுங்கள். புரியாதது அங்கே வெளிவந்துவிடும்.

போன் விஷயத்தில் "பார்க்கக் கூடாது" என்பதைவிட "எங்கே வைக்க வேண்டும்" என்ற விதி நிற்கும். வேலை நேரத்தில் ஒரு குறிப்பிட்ட அலமாரியில், இடைவேளையில் கையில். அவசரத்துக்கு வீட்டார் கூப்பிட நிறுவன எண்ணைக் கொடுத்துவிடுங்கள். கூடவே, வேறு வேலை இல்லாதபோது செய்ய எட்டு பத்து சிறு வேலைகளை எழுதி ஒட்டுங்கள். சும்மா நிற்கும் நேரத்தில் என்ன செய்வது என்று புதியவருக்குத் தெரியாது. தெரியாத கை போனைத்தான் தேடும்.

ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துலயே நின்னு பாக்க எனக்கு நேரமில்லையே?

நிற்க வேண்டாம். மூன்று இடத்தில் எட்டிப் பாருங்கள்: தொடங்கிய பத்து நிமிடத்தில், பாதியில், முடித்த பிறகு. இரண்டு வாரம் சரியாக இருந்தால் பாதியில் பார்ப்பதை விடுங்கள். அடுத்த இரண்டு வாரத்தில் தொடக்கத்தையும் விடுங்கள். இப்படிக் கண்காணிப்பு குறைந்துகொண்டே வருவதை அவரிடமும் சொல்லுங்கள். அதுவே ஒரு பாராட்டு.

திறக்கும்போதும் மூடும்போதும் செய்ய வேண்டியவற்றுக்குப் பட்டியல் வையுங்கள். வெறும் சரி அடையாளம் போடுகிற பட்டியலுக்கு ஒரு வியாதி உண்டு: கடைசியில் ஒரே மூச்சில் பதினைந்து அடையாளமும் விழுந்துவிடும். அடையாளத்துக்குப் பதிலாக எண் எழுதச் சொல்லுங்கள். குளிர்பதனப் பெட்டியின் வெப்பநிலை, கல்லாவின் தொடக்க இருப்பு, மீட்டர் அளவு, செய்த நேரம். எண் எழுத வேண்டுமென்றால் போய்ப் பார்த்தாக வேண்டும், கற்பனையில் எழுதினால் இரண்டு நாளில் பிடிபட்டுவிடும். குறையாக விட்டதை நீங்களே சத்தமில்லாமல் சரிசெய்யாதீர்கள். கூப்பிட்டு அவரையே முடிக்கச் சொல்லுங்கள், நேரம் இரண்டு மடங்கு ஆனாலும்.

சம்பளத்துல பிடிச்சா வழிக்கு வருவானா?

முதலில் சட்டம். வேலை செய்யாத நேரத்துக்குச் சம்பளம் கொடுக்காமல் இருப்பது வேறு, தண்டமாகப் பிடிப்பது வேறு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1949-ஆம் ஆண்டு ஊதியப் பாதுகாப்பு உடன்படிக்கையே, அந்தந்த நாட்டுச் சட்டமோ, தொழிற்சங்கத்தோடு செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தம் போன்றவையோ அனுமதிக்கும் வகையிலும் அளவிலும் மட்டும்தான் பிடித்தம் செய்யலாம் என்கிறது. இருபது நிமிடத் தாமதத்துக்கு அரை நாள் சம்பளத்தைப் பிடிப்பது பல நாடுகளில் செல்லாது.

சட்டம் இடம் கொடுத்தாலும் கணக்கு உதைக்கிறது. இருபது நிமிடம் தாமதித்தாலே அரை நாள் போகும் என்றால், தாமதமாக எழுந்தவர் மதியம்வரை வராமல் இருப்பதுதான் அவருக்கு லாபம். நீங்களே அவரை வீட்டில் உட்கார வைக்கிறீர்கள். இன்னொரு விளைவும் உண்டு. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் பத்துக் குழந்தைக் காப்பகங்களில் ஒரு சோதனை நடந்தது; முடிவுகள் 2000-இல் வெளிவந்தன. பிள்ளையை அழைத்துப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்கு ஆறு காப்பகங்களில் சிறு அபராதம் போட்டார்கள். தாமதம் குறையவில்லை, ஏறத்தாழ இரு மடங்கானது. அபராதத்தை எடுத்த பிறகும் பழைய நிலைக்கு இறங்கவில்லை. காசு கொடுத்தால் தாமதிக்கலாம் என்று ஆனதும் கூச்சம் போய்விட்டது. உங்கள் இடத்திலும் அந்தக் கூச்சம்தான் பாதி வேலை செய்கிறது, அதை விற்றுவிடாதீர்கள்.

ஒரு நாள் தங்கமா வேலை செய்யறா, ஒரு நாள் தகரமா இருக்கா. இது என்ன கணக்கு?

மேலே சொன்ன நோட்டு இங்கேதான் கைகொடுக்கும். நான்கு முதல் ஆறு வாரத்து வரிகளை ஒரு நாள்காட்டியில் குறித்துப் பாருங்கள். விடுமுறைக்கு மறுநாள் மட்டும் சறுக்குகிறதா? குறிப்பிட்ட ஒருவரோடு ஷிஃப்ட் விழும் நாட்களிலா? கணக்கு முடிக்கும் நாள், கோபக்கார வாடிக்கையாளர் வரும் நாள் என்று ஒரு வேலையைத் தவிர்க்கும் நாட்களா? சம்பளத்துக்கு முந்தைய கடைசி வாரத்தில், வண்டிச் செலவுக்குக் காசில்லாத நாட்களிலா?

ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. ஒரே ஆளோடு சேரும்போது மட்டும் கெடுகிறது என்றால் அந்த மூத்தவர் இவரை எப்படி நடத்துகிறார் என்று கவனியுங்கள். கேலியும் அதட்டலும் உங்கள் முன்னால் நடக்காது. ஒரு வேலையைத் தவிர்க்கிறார் என்றால் அநேகமாக அது அவருக்குச் சரியாகத் தெரியாத வேலை, கேட்கக் கூச்சப்படுகிறார். எந்த வடிவமும் தெரியவில்லை, எல்லா நாளும் சமமாகச் சிதறிக்கிடக்கிறது என்றால் அதுவும் ஒரு பதில்தான்: வேலைக்கு அவர் மனதில் நிலையான இடம் இல்லை.

எப்பப் பாத்தாலும் உடம்பு சரியில்லைங்கறான். பொய்யா நிஜமான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

கண்டுபிடிக்கப் போகாதீர்கள். வீட்டுக்கு ஆள் அனுப்புவதும் சமூக வலைப் பக்கத்தைத் துழாவுவதும் உங்களைத்தான் சிறுமைப்படுத்தும், சில நாடுகளில் சட்டச் சிக்கலும் வரும். எல்லோருக்கும் பொதுவாக ஒரு விதி வையுங்கள்: இத்தனை நாளைத் தாண்டினால் மருத்துவச் சான்று. திரும்பி வந்த நாளில் ஐந்து நிமிடம் பேசுங்கள்: "இப்ப எப்படி இருக்கு? வேலைல ஏதாவது மாத்தி வைக்கணுமா?" நிஜமாக நோய்ப்பட்டவருக்கு இது ஆறுதலாக இருக்கும். மற்றவருக்கு, தான் வராதது கவனிக்கப்படுகிறது என்று தெரிந்துவிடும்.

என்ன நோய் என்று துருவ வேண்டாம். மாதவிடாய் வலி, ஒற்றைத் தலைவலி, மனச்சோர்வு என்று வெளியே சொல்லத் தயங்கும் காரணங்கள் இளம் வயதிலும் உண்டு. நோய்க்காகத் தற்காலிகமாக வராததை வேலைநீக்கக் காரணமாக்கக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1982 உடன்படிக்கை சொல்கிறது. பல நாட்டுச் சட்டங்களிலும் இது இருக்கிறது.

மத்த ஆளுங்க முணுமுணுக்கறாங்க. அவன் வராத நாளெல்லாம் அவங்கதானே சுமக்கறாங்க?

அவர்கள் முணுமுணுப்பது நியாயம். அவரைப் பற்றி என்ன நடவடிக்கை எடுக்கிறீர்கள் என்று அவர்களிடம் விவரிக்கக் கூடாது. "கவனிச்சுட்டு இருக்கேன், இதுக்கு மேல சொல்ல முடியாது" என்பது போதும். ஆனால் அவர்கள் சுமையைப் பற்றித் தாராளமாகப் பேசலாம். கூடுதலாக நின்ற மணிகளைக் குறித்து, காசாகவோ ஓய்வாகவோ திருப்பிக் கொடுங்கள். எப்போதும் சரியாக வருகிற ஒருவரையே ஒவ்வொரு முறையும் கூப்பிட்டுப் போடாதீர்கள், சுற்றில் விடுங்கள். இல்லாவிட்டால் சறுக்குகிறவர் இருப்பார், நம்பகமானவர் போய்விடுவார்.

தெரிஞ்சவங்க சொல்லிச் சேத்துக்கிட்ட பொண்ணு. கண்டிச்சா அவங்க வருத்தப்படுவாங்களே?

பேச்சு ஊழியரோடு மட்டும். சிபாரிசு செய்தவரிடம் போய் "கொஞ்சம் சொல்லி வையுங்க" என்றால் அந்த நொடியிலிருந்து அவர் உங்கள் இடத்தில் இன்னொரு முதலாளி. அடுத்த முறை யாராவது ஆள் சொல்லும்போதே தெளிவாக்கிவிடுங்கள்: எடுத்தாலும் நிறுத்தினாலும் காரணம் சொல்லமாட்டேன், நல்லதும் சொல்லமாட்டேன்.

ஒரு வார்த்தை சொன்னா அழுதுடறா. அதனாலயே ஒண்ணும் சொல்ல முடியல.

அழட்டும். பத்து நிமிடம் கொடுங்கள், தண்ணீர் கொடுங்கள், பிறகு விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். சங்கடத்தில் "சரி சரி, பெரிய விஷயமில்ல" என்று சொல்லிவிட்டால் சொன்னது அத்தனையும் வாபஸ் ஆகிவிடும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்பவருக்கும் இதேதான். அவர் முகம் அவர் விஷயம், நாளைக்கு ஒன்பது மணி உங்கள் விஷயம். அழுகை ஒவ்வொரு முறையும் வருகிறது என்றால் நீங்கள் பேசும் இடத்தையும் குரலையும் சோதித்துப் பாருங்கள். மற்றவர் காதில் விழும்படி சொல்கிறீர்களா?

மூணு தடவ பேசியாச்சு. ரெண்டு நாள் சரியா இருக்கும், அப்புறம் பழைய கதை. அடுத்து என்ன?

எழுத்து. ஒரே பக்கம், நான்கு வாரம், இரண்டு அல்லது மூன்று அம்சம் மட்டும். பன்னிரண்டு குறையை அடுக்கினால் எதையும் திருத்தமாட்டார். அளக்கக்கூடியதாக இருக்கட்டும். உதாரணமாக: நான்கு வாரத்தில் ஐந்து நிமிடத்துக்கு மேற்பட்ட தாமதம் ஒன்றுக்கு மேல் கூடாது. தகவல் இல்லாமல் வராத நாள் ஒன்றுகூடக் கூடாது. மூடும் பட்டியல் தினமும் எண்களோடு நிரம்பியிருக்க வேண்டும். அதன் கீழே நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதும் வேண்டும்: ஷிஃப்ட் மாற்றமா, மறுபடி பயிற்சியா, வேலை அட்டவணை ஒரு வாரம் முன்பே கையிலா. கடைசி வரி, நான்கு வாரம் கழித்து என்ன ஆகும் என்பது. வேலை போகக்கூடும் என்றால் அந்தச் சொல்லையே எழுதுங்கள். "கடுமையான நடவடிக்கை" என்றால் இன்னொரு திட்டு என்றுதான் புரிந்துகொள்வார்.

இருவரும் கையெழுத்திட்டு அவரிடம் ஒரு பிரதி. வாரத்தில் ஒரு நாள் குறித்துப் பத்து நிமிடம் அந்தத் தாளை வைத்துப் பேசுங்கள். திட்டம் தோற்கும் இடம் பெரும்பாலும் இதுதான்: முதலாளி இரண்டாவது வாரச் சந்திப்பை மறந்துவிடுவார், ஊழியரும் தப்பித்தோம் என்று இருந்துவிடுவார். ஐந்தாவது வாரமே பழைய கதை திரும்புவதைத் தடுக்க, இதே அளவுகோல் அடுத்த மூன்று மாதத்துக்கும் நீடிக்கும் என்று தாளிலேயே எழுதிவிடுங்கள்.

புரொபேஷன் முடிய இன்னும் பத்து நாள்தான். வச்சுக்கறதா வேண்டாமான்னு முடிவே வரல.

பத்து நாள் என்பதே தாமதம். முடிவுக்கான தேதியை, அந்தத் தகுதிகாண் காலம் முடிய மூன்று வாரம் இருக்கும்போதே குறித்துக்கொள்ள வேண்டும். பல நாடுகளில் அது முடிந்த மறுநாள் முதல் வேலைநீக்க விதிகள் இறுகிவிடும். இப்போது கேட்டுக்கொள்ள வேண்டியது: இத்தனையும் தெரிந்த பிறகு, இன்று புதிதாக விண்ணப்பித்தால் இவரை எடுப்பேனா? நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள், நேற்றைய ஒரு நல்ல நாளை வைத்து அல்ல. நீட்டிக்கச் சட்டமும் ஒப்பந்தமும் இடம் கொடுத்தால் ஒரு முறை நீட்டிக்கலாம், அதுவும் மேலே சொன்ன நான்கு வாரத் தாளோடு. "பாப்போம்" என்று நீட்டிப்பது முடிவைத் தள்ளிப்போடுவது மட்டுமே.

கல்லால பணம் குறையுது. நேரத்துக்கே வராதவன், இதையும் அவன்தான் பண்ணியிருப்பான்னு தோணுது.

இரண்டையும் முடிச்சுப் போடாதீர்கள். தாமதமாக வருபவர் திருடுவார் என்பதற்கு ஒரு நியாயமும் இல்லை. எல்லோரும் சந்தேகப்படுகிற ஆள் ஒருவர் இருப்பது எடுக்கிற ஆளுக்கு வசதி. யாரையும் குறிப்பிடாமல் முறையை மாற்றுங்கள்: ஷிஃப்ட் மாறும்போது இருவர் சேர்ந்து எண்ணி இருவரும் கையெழுத்து, முடிந்தால் ஆளுக்கொரு பணப்பெட்டி, ரத்து செய்த பில்களுக்குக் காரணம் எழுதுவது. நிறைய குறைவுகள் தவறான சில்லறையாகவும் பதியாத செலவாகவும், முதலாளியே எடுத்துவிட்டு எழுத மறந்ததாகவும் முடியும். ஆதாரம் கிடைத்தால் அது வேறு வழக்கு, வேறு நடைமுறை.

நிறுத்திடலாம்னு முடிவு பண்ணிட்டேன். எப்படிச் சொல்றது?

சொல்லும் முன் நான்கு காரியம்: நோட்டீஸ் காலம், மீதிச் சம்பளம், எடுக்காத விடுப்புக்கான காசு, கொடுக்க வேண்டிய கடிதம். இவற்றை உங்கள் பகுதிச் சட்டப்படி தயாராக வையுங்கள். அந்த 1982 உடன்படிக்கை இன்னொன்றும் சொல்கிறது: நடத்தையோ வேலைத்திறனோ காரணம் என்றால், நிறுத்துவதற்கு முன் தன் தரப்பைச் சொல்ல ஊழியருக்கு வாய்ப்புத் தர வேண்டும். முன்கூட்டியே குறித்த நியாயமான புரொபேஷன் காலத்தில் இருப்பவரை நாடுகள் இதிலிருந்து விலக்கிவைக்கலாம். விலக்கு இருந்தாலும் கேட்டுவிடுவது நல்லது, உங்களுக்குத் தெரியாத ஒன்று வெளிவரலாம். பதினெட்டு வயது ஆகாதவர் என்றால் தனி விதிகள் இருக்கும், அவற்றையும் பாருங்கள்.

மெசேஜில் சொல்லாதீர்கள். நேரில், தனியாக, ஷிஃப்ட் முடிகிற நேரத்தில், பத்து நிமிடம். முதல் வரியிலேயே முடிவு வர வேண்டும்: "நாலு வாரத் தாள்ல எழுதினது நடக்கல. அதனால உன் வேலைய இந்தத் தேதியோட முடிச்சுக்கறோம்." பிறகு காசு எப்போது, எவ்வளவு என்ற விவரம். பழைய சம்பவங்களை மறுபடி வாதாட வேண்டாம். சாவி, சீருடை, நிறுவன போன் திரும்ப வாங்குங்கள். அவருக்குத் தெரிந்த பாஸ்வேர்டுகளை அன்றே மாற்றுங்கள், வாடிக்கையாளர் குழுக்களிலிருந்து எண்ணை எடுங்கள். மற்றவர்களிடம், "அவர் இனி நம்மோட இல்ல, இந்த வேலைய இன்னார் பாப்பார்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தையும் வேண்டாம்.

இது மூணாவது ஆள். இந்தக் காலத்துப் பசங்களே இப்படித்தானா?

மூன்று பேரும் ஒரே மாதிரி சறுக்கினால் பொதுவாக இருப்பது உங்கள் இடம். சில கேள்விகள், கொஞ்சம் உறுத்தினாலும்: வேலை அட்டவணை எப்போது கைக்கு வருகிறது, முந்தின நாள் இரவிலா? ஒரே நாளில் மூன்று பேர் மூன்று விதமாக வேலை ஏவுகிறார்களா? சம்பளம் சொன்ன தேதியில் போகிறதா? சம்பளத்தை ஐந்து நாள் தள்ளிக் கொடுத்துவிட்டு ஐந்து நிமிடத் தாமதத்தைப் பற்றிப் பேசினால் எடுபடாது. முதல் நாள் யாரும் கூட இல்லாமல் நிறுத்திவைக்கப்பட்டாரா?

ஆள் எடுக்கும் முறையையும் மாற்றலாம். "பொறுப்பா இருப்பியா?" என்பது "புரிஞ்சுதா?" போலத்தான். "இங்க வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும், எதுல வருவ, அது கிடைக்கலைன்னா?" என்று கேளுங்கள். "கடைசியா ஒரு இடத்துக்கு நேரத்துக்குப் போக முடியாமப் போனப்ப என்ன பண்ணின?" என்று கேளுங்கள். பிறகு சம்பளத்தோடு ஒரு நாள் வேலை கொடுத்துப் பாருங்கள், உங்கள் வழக்கமான தொடக்க நேரத்திலேயே.

நிறுத்தின பையன் ஒரு வருஷம் கழிச்சு மறுபடியும் வேலை கேக்கறான். எடுக்கலாமா?

எடுக்கலாம், இடைப்பட்ட காலத்தில் ஏதோ மாறியிருந்தால். இந்த வயதில் ஒரு வருடம் நீண்ட காலம். வேறு இடத்தில் ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து இருந்தாரா என்று பாருங்கள். அவர் சம்மதத்தோடு அங்கே கேளுங்கள். அப்போது என்ன தவறு நடந்தது என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். தன் பங்கைச் சொன்னால் நல்ல அறிகுறி, எல்லாப் பழியும் பழைய சக ஊழியர்கள் மேல் என்றால் யோசியுங்கள். எடுத்தால் புதிய ஆளாகவே எடுங்கள், புதிய புரொபேஷனோடு. பழைய நோட்டை மூடி வைத்துவிட்டுப் புதுப் பக்கத்தில் முதல் வரியை எழுதுங்கள். திறக்கும் சாவியை மட்டும் இரண்டு மாதம் கழித்துக் கொடுங்கள்.